காலி வச்சிட்டுப் போங்க

கோலி சோடாவைக் கடை வாசலில் நின்றபடிதான் குடிக்க வேண்டும். வீட்டுக்கு வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் பாட்டிலை எடுப்பதற்கு முன் ஆளைப் பார்ப்பார். தெரிந்த முகமென்றால், "தம்பி, சாயங்காலத்துக்குள்ள காலி வந்துடணும்" என்று சொல்லிக் கொடுப்பார். தெரியாத முகமென்றால், "இங்கயே குடிச்சிட்டு காலிய வச்சிட்டுப் போங்க" என்று முடித்துவிடுவார். இதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. உள்ளேயிருக்கும் சோடாவைவிட வெளியேயிருக்கும் கண்ணாடிக்கு விலை அதிகம். அந்தக் கண்ணாடி கடைக்காரருக்கும் சொந்தமில்லை. மறுநாள் காலையில் சைக்கிள் கேரியரில் மரப்பெட்டியோடு வரும் சோடா கம்பெனி ஆள் எண்ணி வாங்கிப்போகும்வரை அவர் அதற்குக் காவல், அவ்வளவுதான்.

கழுத்தில் குண்டு சிக்கும் இந்தப் பாட்டிலை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர். 1870களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளேயிருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்திக்கொள்ளும். தக்கை வேண்டாம், தகர மூடி வேண்டாம். 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் இன்று நாம் காணும் கிரௌன் மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். அது பரவியதும் காட் பாட்டில் பிறந்த நாட்டில் மெல்ல வழக்கொழிந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் பன்னீர் சோடாவும் கோலி சோடாவும் அதற்குப் பிறகும் பல தலைமுறை ஓடின. ஊருக்கு ஒரு சோடா கம்பெனி, கம்பெனிக்குச் சில நூறு பாட்டில்கள், உடையும்வரை கழுவிக் கழுவி நிரப்பினார்கள். மேடைக் கூட்டங்களில் கட்சிக்காரர்கள் சோடா பாட்டில் வீசி அடித்துக்கொண்ட காலத்தில், எந்தக் கட்சி ஜெயித்தாலும் தோற்றவர் சோடா கம்பெனிக்காரர்தான்.

பேருந்து நிலையத்தில் சோடா விற்பவருக்கு வேறு விதமான இழப்பு. கும்பகோணத்திலோ மாயவரத்திலோ பஸ் நிற்கும் அஞ்சு நிமிஷத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓடி ஓடிக் கொடுப்பார். பயணி அப்போதுதான் குழந்தைக்குக் கொஞ்சம், மனைவிக்குக் கொஞ்சம் என்று பங்குவைக்க ஆரம்பித்திருப்பார். கண்டக்டர் விசில் ஊதிவிடுவார். "பாட்டில், பாட்டில்!" என்று கத்திக்கொண்டு பஸ்ஸோடு கூடவே ஓடுவார். உள்ளேயிருப்பவர் அவசரமாக மிச்சத்தை வாயில் கவிழ்த்து, குண்டு அடைத்துக்கொண்டு சோடா வராமல், சட்டையெல்லாம் நனைந்து ஒருவழியாகப் பாட்டிலை நீட்டுவார். சில நாள் கை எட்டும். எட்டாத நாளில் அன்றைய லாபம் திருவாரூருக்கோ மன்னார்குடிக்கோ போய்ச் சேரும்.

விற்பதைவிடத் திரும்ப வாங்குவதில் சள்ளை அதிகம் என்பது கடைக்காரர்களுக்கு அப்போதே தெரியும். சகித்துக்கொண்டார்கள், ஏனென்றால் பாட்டிலுக்காக மறுமுனையில் ஒருவர் காத்திருந்தார். கம்பெனிக்காரருக்கு அது வேண்டும். வேண்டாததை யாரும் எண்ணி வாங்குவதில்லை.

இதையே நூறு பங்கு பெரிதாக்கினால் கும்பகோணத்துப் பாத்திரக்கடை. அங்கே பழைய பித்தளையைக் கொண்டுபோய்ப் போட்டுப் புதுப் பாத்திரம் வாங்குவது வெகுநாளைய வழக்கம். அந்த ஊரைச் சுற்றி உலோகம் உருகிக்கொண்டேயிருக்கும்: நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு, சுவாமிமலையில் சிலை. ஓட்டைத் தவலையும் கைப்பிடி போன அண்டாவும் அங்கே மறுபடி சரக்காகிவிடும். கடைக்காரர் தராசில் வைப்பார், ஈயப்பூச்சுக்கும் அழுக்குக்கும் இவ்வளவு என்று கழிப்பார், வாடிக்கையாளர் சண்டை பிடிப்பார். "எங்க அம்மா சீதனமா கொண்டாந்தது, இதுல என்ன அழுக்கு?" என்று ஒரு பெண்மணி கேட்டால் கடைக்காரரிடம் பதில் கிடையாது. பாத்திரத்தின் விளிம்பில் அந்த அம்மாளின் பெயர் வெட்டியிருக்கும். உருக்கினால் பெயரும் போய்விடும். ஆனாலும் வாங்கியவரும் கொடுத்தவரும் முறைத்துக்கொண்டே அடுத்த தீபாவளிக்கு மறுபடி சந்திப்பார்கள். பித்தளை போடமுடியாத வீட்டுக்குத் தெருவிலேயே ஆள் வந்தார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். ஒன்றுக்கும் ஆகாது என்று சொல்ல "பேரீச்சம்பழத்துக்குப் போடு" என்கிறோம். யோசித்தால், அதற்கும் பேரீச்சம்பழமாவது கிடைத்தது.

கூல்டிரிங்க்ஸ் வந்தபோது கணக்கு கொஞ்சம் கடினமானது. 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவும், பிறகு வடக்கேயிருந்து வந்த கோல்டு ஸ்பாட், லிம்கா, தம்ஸ் அப் எல்லாமும் 24 பாட்டில் கொள்ளும் பெட்டிகளில் வந்து இறங்கின. பாட்டிலுக்கும் பெட்டிக்கும் கடைக்காரர் முன்பணம் கட்ட வேண்டும். லோடு வண்டி வரும்போது எத்தனை காலிப் பெட்டி கொடுக்கிறாரோ அத்தனை நிறைபெட்டிதான் இறங்கும். சித்திரை வெயிலில் வியாபாரம் பறக்கும் நாளில் இரண்டு பெட்டிக்குக் காலி குறைந்தால் இரண்டு பெட்டி விற்பனை போச்சு. அதனால்தான் அந்தக் காலக் கடைக்காரர்கள் பாட்டில் எடுத்துப்போனவரின் பெயரைச் சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதி ஆணியில் குத்தி வைத்தார்கள். டெபாசிட் வாங்கினால் அதற்கு ரசீது கிடையாது. இரண்டு மாதம் கழித்து யாரோ ஒரு பையன் பாட்டிலோடு வந்து, "அப்பா அஞ்சு ரூவா கட்டுனாராம்" என்பான். கட்டியவர் வேறு கடையில் கட்டியிருப்பார்.

வந்த பாட்டில் வந்தபடி வராது. வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால் கம்பெனி எடுக்காது. ஒரு கம்பெனிப் பெட்டியில் இன்னொரு கம்பெனிப் பாட்டில் கலந்திருந்தால் எடுக்காது. டெல்டா வீடுகளில் காலி பாட்டிலுக்கு முதல் வேலை மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பது, அந்த வாசனை வந்தாலும் எடுக்காது. பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பவர்களோ மண்ணெண்ணெய் ஊற்றியதை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. கல்யாணங்கள் வந்தால் இன்னும் மோசம். மண்டபத்துக்குப் பத்துப் பெட்டி போகும், திரும்பி வரும்போது முப்பது பாட்டில் குறையும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரைக் கைகாட்டுவார்கள். புது உறவு முறிந்துவிடக் கூடாதென்று கடைக்காரர் பாதி நஷ்டத்தைத் தானே ஏற்றுக்கொண்ட கதை அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும்.

எனவே பாக்கெட் வந்தபோது கடைக்காரர்கள் அடைந்த நிம்மதியை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. டெல்டாவுக்கு வடக்கே, கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சிறு சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவைக் கொண்டுவந்தார். ஏழைக்கும் ஷாம்பூ என்று அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். கடைக்காரர் பக்கத்துக் கதை வேறு. சரஞ்சரமாகத் தொங்கும் பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. காலி என்று எதுவும் கல்லாவுக்குத் திரும்பி வராது, ஆணியில் அட்டை குத்த வேண்டாம், கல்யாண வீட்டோடு மனஸ்தாபம் வராது. பால் பாக்கெட், எண்ணெய் பாக்கெட், தண்ணீர் பாக்கெட், கடைசியில் பிளாஸ்டிக் கூல்டிரிங்க்ஸ் பாட்டில். 'யூஸ் அண்டு த்ரோ' என்று கம்பெனிகள் சொன்னதை வாடிக்கையாளரைவிட முதலில் கைதட்டி வரவேற்றவர் கடைக்காரர் என்றே நினைக்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது, 2021 கடைசியில் மஞ்சப்பை திரும்பி வந்தது. மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போகும் பிஸ்கெட்டும் மசாலாவும் ஷாம்பூவும் இன்னும் அதே பாக்கெட்டில்தான்.

காலியைத் திரும்ப வாங்குவதை அரசாங்கம் விடாமல் செய்த ஓர் இடம் உண்டு. அது நெல்லும் அரிசியும் போகும் வழி. 1987இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தால் தானியத்துக்குச் சணல் சாக்கு கட்டாயமானது. டெல்டாவில் அறுவடை உச்சத்துக்கு வரும்போதெல்லாம் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை என்று நெல் களத்திலேயே குவிந்து மழையில் முளைக்கிறது. சாக்கின் அருமை இங்கே எல்லோருக்கும் தெரியும். ரேஷன் கடை ஊழியருக்கோ அரிசி தீர்ந்த பிறகும் சாக்கு தீர்வதில்லை. எலி கடித்தது, தைத்த இடம் பிரிந்தது, மழையில் நைந்தது எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனாவால் சணல் ஆலைகள் மூடிக்கிடந்தபோது ரேஷன் கடைகளின் பழைய சாக்குகளைத் தேடிச் சேகரிக்கும்படி ஆனது. பீகாரில் இது உச்சத்துக்குப் போனது. மதிய உணவு அரிசி வந்த காலிச் சாக்குகளைத் தலா 10 ரூபாய்க்கு விற்றுப் பணத்தைக் கட்டும்படி பள்ளிகளுக்கு உத்தரவு. 2021 ஆகஸ்டில் கடிஹார் மாவட்டத்து ஆசிரியர் ஒருவர் தலையில் சாக்குகளைச் சுமந்து தெருவில் கூவி விற்றார். வீடியோ பரவியதும் அரசாங்கத்துக்குக் கெட்ட பெயர் என்று சொல்லி அவரையே பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அதே 10 ரூபாய், அடுத்த வருஷம், தமிழ்நாட்டில்.

டாஸ்மாக் நிறுவனம் 1983இல் தொடங்கியது, சில்லறை விற்பனையைத் தானே எடுத்துக்கொண்டது 2003 நவம்பரில். அன்றிலிருந்து காலி பாட்டிலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பது அரசுக்குத் தெரியும். கடையை ஒட்டிய பார்களுக்கு விடும் டெண்டரே தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் உரிமை என்றுதான் இருக்கும். பாரில் குடித்தால் பாட்டில் பார்க்காரருக்கு. வெளியே கொண்டுபோனால் வாய்க்காலுக்கு.

டெல்டாவில் வாய்க்காலுக்கு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. மாலையில் ஆண்கள் உட்கார்ந்து குடிக்கும் இடமே மதகுக் கட்டையும் வாய்க்கால் கரையும்தான். நிழல் இருக்கும், காற்று வரும், வீட்டிலிருந்து தூரம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்தால், கோடை முழுக்கச் சேர்ந்ததெல்லாம் தண்ணீரோடு கிளம்பும். மூடி போட்ட பாட்டில் மிதந்து கடைமடை வரைக்கும் போகும். உடைந்தது வண்டலோடு வயலில் இறங்கும். சேற்றில் செருப்பு போட்டு நடவு நட முடியாது. நடவு இயந்திரம் வந்த பிறகும் வயலின் மூலை முடுக்குகளைக் கையால்தான் நடுகிறார்கள், குனிந்து நடும் பெண்களின் கண்ணுக்குச் சேற்றுக்கு அடியில் இருப்பது தெரியாது. காலில் கண்ணாடி ஏறினால் நாலு நாள் கூலி போகும், சர்க்கரை வியாதி உள்ள காலென்றால் அதற்கு மேலும் போகும்.

ஆனால் நீதிமன்றத்தை அசைத்தது வயல் அல்ல, மலை. நீலகிரியில் காட்டுக்குள் வீசும் பாட்டில்கள் யானை முதலான விலங்குகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு பாட்டிலைத் திரும்ப வாங்கும் திட்டத்தை வலியுறுத்தியது. 2022 மே 15 முதல் நீலகிரிக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்தன. அந்த வெற்றி மற்ற மாவட்டங்களுக்கும் இறங்கியது, டெல்டாவில் திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் வந்தது.

திட்டம் நல்ல திட்டம். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. கேள்வி, அந்தத் தொண்ணூறு எந்தக் கையால் திரும்பி வந்தது என்பதுதான்.

டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும். மாநிலம் முழுக்க மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் எல்லாம் சேர்த்து 2025 கணக்கில் சுமார் 23,600 பேர். இருபது வருஷத்துக்கு மேல் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். கம்பி போட்ட ஜன்னலுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர், அவர்களைச் சுற்றிக் கூரை வரை அட்டைப்பெட்டி. இப்போது அவர்களுடைய ஒரு நாள் இப்படி: திறப்பதற்கு முன் பாட்டில் பாட்டிலாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஃபிரிட்ஜில் வியர்த்த பீர் பாட்டிலில் ஸ்டிக்கர் நிற்காது. விற்கும்போது, "எதுக்குப்பா பத்து ரூவா அதிகம்?" என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே கணக்கில் வராத கூடுதல் பணம் வாங்குகிறார்கள் என்ற பெயர் இந்தக் கடைகளுக்கு உண்டு, எனவே சட்டப்படி வாங்கும் 10 ரூபாயையும் யாரும் நம்புவதில்லை. திரும்ப வாங்கும்போது ஸ்டிக்கர் கிழிந்திருக்கும். "இது நம்ம கடை பாட்டில் இல்லண்ணே." "அப்ப நான் என்ன பொய் சொல்றனா?" எதிரில் நிற்பவர் குடித்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த உரையாடலைப் படிக்க வேண்டும். பின்னால் வாங்க வந்தவர்கள் வரிசையில் கத்திக்கொண்டிருப்பார்கள்.

மிச்சம் வழியும் பாட்டிலின் புளித்த நாற்றம், ஈ, சாக்குக்குள் உடைந்தவை, அவற்றைக் கட்டித் தூக்கும்போது விரலில் கிழிசல். ஒப்பந்தக்காரர் வண்டி ஒரு நாள் தவறினால் விற்கும் சரக்கை வைக்க இடமில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளைக்கு ஆயிரம் பாட்டில் விற்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு சதவீதம் என்றால் 900 பாட்டில் திரும்புகிறது. வாங்கிப் பார்த்து, பணம் கொடுத்து, சாக்கில் போட ஒரு பாட்டிலுக்கு 20 விநாடி. மொத்தம் 18,000 விநாடி, அதாவது ஐந்து மணி நேரம். தகராறு எதுவும் இல்லையென்றால். பத்து மணி நேரக் கடையில் ஒரு ஆளின் பாதி நாள். அந்தப் பாதி நாளுக்குத் தனியாக ஆள் போடுங்கள் என்றுதான் டாஸ்மாக் ஊழியர் சங்கங்கள் கேட்டன, போராட்டமும் நடத்தின. செய்திகளில் அது 'திட்டத்துக்கு எதிர்ப்பு' என்று வந்தது.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்சினை புதிதில்லை. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் கேனுக்கும் கட்டாய டெபாசிட் உண்டு, இன்று 25 சென்ட். அங்கேயும் சின்னக் கடைக்காரர்கள் முனகினார்கள். சட்டம் அவர்களுக்கு ஒரு சலுகை கொடுத்தது: 200 சதுர மீட்டருக்கும் குறைவான கடை, தான் விற்கும் பிராண்டுகளின் காலியை மட்டும் வாங்கினால் போதும். பெரிய கடைகளில் மெஷினே எண்ணி ரசீது கொடுத்துவிடும். நியூயார்க்கில் இன்னும் நேரடியாக, காலியைத் திரும்ப வாங்கும் கடைக்குப் பாட்டிலுக்கு மூன்றரை சென்ட் கைக்கூலி. கொடுப்பது பானக் கம்பெனி. நம் ரூபாயில் சுமார் மூன்று. மேலே சொன்ன 900 பாட்டிலுக்கு நாளைக்கு 2,700 ரூபாய், அதில் தாராளமாக இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். நம் திட்டத்தில் வாடிக்கையாளர் கட்டியது அவருக்கே திரும்புகிறது, பாட்டில் ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. நடுவில் கை நீட்டி வாங்கியவருக்கு என்ன என்று ஒரு வரி எழுதப்படவில்லை. பழைய சோடா கடைக்காரருக்காவது அந்தக் காலியைக் கொடுத்தால் மறுநாள் விற்கச் சரக்கு வரும் என்ற நிச்சயம் இருந்தது.

திட்டத்தால் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் சாக்கோடு வாய்க்கால் கரைகளில் நடக்கும் வயதானவர்கள், முன்பு காயலான் கடையில் சில்லறைக்குப் போட்ட பாட்டிலை இப்போது 12 மணிக்கு டாஸ்மாக் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். முப்பது பாட்டில் என்றால் 300 ரூபாய், நூறு நாள் வேலைக்கு நிகரான கூலி. அவர்களைத்தான் கடைக்காரர்களுக்குப் பிடிப்பதில்லை. ஒரே ஆளிடம் முப்பது பாட்டிலுக்கு ஸ்டிக்கர் பார்க்க வேண்டும், அதில் பாதி சேறு அப்பியிருக்கும். "குடிச்சவங்க கொண்டாந்தாத்தான் தருவோம், ஓரமா நில்லு ஆயா" என்று நிறுத்திவைப்பது உண்டு. கோபத்தை யாரிடம் காட்ட முடியுமோ அவரிடம்தானே காட்ட முடியும்.

நடவு வயலில் கண்ணாடி தட்டுப்பட்டால் பெண்கள் அதை விரலால் துழாவி எடுத்து, தண்ணீரில் அலசிப் பார்ப்பார்கள். முழு பாட்டிலாக இருந்து ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தால் மடியில் கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலும் அடிப்பாகமாகவோ கழுத்தாகவோ இருக்கும். அதற்குப் பத்து ரூபாய் கிடையாது. வரப்போரம் பனைமரத்தடியில் எறிந்துவிட்டு நாற்று முடியைக் கையில் எடுப்பார்கள். அடுத்த ஐப்பசி மழையில் வரப்பு உடைந்தால் அது மறுபடி வயலுக்குள் வரும்.